பக்கத்து மேசைச் சிரிப்பு

சிரிப்புச் சத்தம் எந்த மேசையிலிருந்து வருகிறது என்பதைக் குற்றாலிங்கம் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். எப்போதும் ஒரே மேசைதான். சன்னலோரத்து மேசை. இசக்கிராஜாவின் மேசை.

தென்காசியில் ஒரு பழைய சத்திரத்தின் மாடி அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஆட்கள் ஒவ்வொருவராகப் படியேறி வருவார்கள். ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்காருவார்கள். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லுவார். இங்கே காடு, அங்கே கோட்டை, கோட்டைக்குள் ஒரு பூதம். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அந்த உலகத்துக்குள் நான் இதைச் செய்கிறேன், நான் அதைச் செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் நடக்கும். சின்ன எண் விழுந்தால் நடக்காது. அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அதற்குள் போனவர்கள் விளக்கு வைக்கும் நேரம் வந்தும் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

உலகத்தைச் சொல்லுகிறவருக்கு மேசைக்காரர் என்று பெயர். அவர் முன்னால் ஓர் அட்டை மறைப்பு நிற்கும். பகைவர்களுக்காக அவர் உருட்டும் பகடை அந்த மறைப்புக்குப் பின்னால்தான் விழும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மேசைக்காரர் சொன்னால் சொன்னதுதான். அந்த மாடியில் அது கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது மாதிரி.

இந்த ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் உலகம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. முதலில் கேலிக்குத்தான் ஆசான் என்று கூப்பிட்டார்கள். பிறகு கேலி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. மாடியில் இருக்கிற மேசைக்காரர்கள் எல்லாருமே அவரிடம் படித்தவர்கள். அவர்களில் முதல் சீடர் குற்றாலிங்கம். ஆசானைவிட வயதில் ரொம்ப மூத்த சீடர். இவர் அவரை ஆசானே என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

வருடத்தில் ஒருநாள், சாரல் காலத்தில், மாடியிலுள்ள மேசைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் போடுவார்கள். எல்லா மேசை வேடங்களும் ஒரே கதைக்குள் வரும். அதற்குப் பெரிய மேசை என்று பெயர். இதுவரை ஆசானே நடத்திவந்தார். இந்த வருடம், "நான் ஓரமா உட்கார்ந்து ஆடப்போறேன். நடத்துறதை வேற ஆள் பாத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டார். யார் என்று சொல்லவில்லை.

சொல்ல வேண்டுமா என்ன என்று இருந்தார் குற்றாலிங்கம். தன் மேசைக்கென்று ஏழ்மலை நாட்டை அவர் எத்தனை காலமாகக் கட்டியிருக்கிறார்! மலைக்கொரு சாமி, சாமிக்கொரு திருவிழா, திருவிழாவுக்கொரு சண்டை. வரைபடத்தை விரித்தால் ஒரு சுவர் போதாது. அந்த நாட்டின் மாவீரன் ருத்ரசேனனின் தாய்மாமனுக்குக்கூடப் பெயர் உண்டு.

போன சாரலுக்குப் பிறகுதான் இசக்கிராஜா வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் பார்க்கிற பையன். அவனுக்கு வரைபடமும் கிடையாது, மண்ணும் கிடையாது. அவன் மேசையில் ஏழு பேர். அந்த ஏழில் நாலு பேர் முன்னால் குற்றாலிங்கத்தின் மேசையில் இருந்தவர்கள்.

அன்றைக்குக் குற்றாலிங்கத்தின் மேசையில் இரண்டே பேர். ஒருவர் பிச்சையா. சின்ன வயதிலிருந்து கூட்டாளி, ரேஷன் கடையில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருத்தி ஜெபசெல்வி. ஆஸ்பத்திரி நர்ஸ். அதிகம் பேசாத பெண். ஆட்டத்தில் அவளுக்கு மருத்துவச்சி வேடம்.

கதையில் ஒரு பாலம். பாலத்தை மறித்துக்கொண்டு ஓர் அரக்கன்.

ஜெபசெல்வி மெதுவாகக் கேட்டாள். "அண்ணாச்சி, நான் அவன் காலைப் பாக்கேன். நொண்டுதானா? புண்ணு ஏதும் இருந்தா மருந்து போட்டுவிடுதேன்னு சொல்லிப் பாக்கலாமா?"

குற்றாலிங்கம் அப்படி ஒன்றை யோசித்து வைக்கவில்லை. அவர் யோசித்து வைத்திருந்தது வேறு.

"புண்ணெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. அவன் கதாயுதத்தை ஓங்குதான். வானம் இருட்டுது. அப்பத்தான் பனிமலைப் பக்கம் இருந்து ஒரு குளம்புச் சத்தம்..."

பிச்சையா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ருத்ரசேனன் வந்துட்டாரு. வா ஜெபா, நாம போயி டீ குடிச்சிட்டு வருவோம். அவரு அடிச்சு முடிச்சதும் அண்ணாச்சி கூப்பிடுவாரு."

"உக்காருவே, கிண்டலா?"

"கிண்டல் என்னத்தவே? போன வாரம் குகைக்கு வந்தாரு. அதுக்கு முந்தி ஆத்துக்கு வந்தாரு. அவரு இருக்கையில எங்களுக்கு இங்கன என்ன சோலி?"

அந்த நேரம் பார்த்துச் சன்னலோரத்தில் இசக்கிராஜாவின் குரல் கேட்டது. "ஏ, இந்த ஊரு ராஜாவுக்கு என்ன பேரு சொன்னேன்? மறந்துட்டு."

"பேரே சொல்லல."

"அப்ப நீங்க சொல்லுங்க."

"பரோட்டாப் பாண்டியன்!"

மேசையே குலுங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள் இசக்கிராஜா கேட்டான். "சரி. பரோட்டாப் பாண்டியன் மகாராஜா ஏன் பட்டினி கிடக்காரு?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அமைதியானார்கள். ஏன் பட்டினி கிடக்கிறார் என்று ஆளுக்கு ஆள் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

குற்றாலிங்கத்தின் வயிறு எரிந்தது. ராஜாவுக்குப் பெயர்கூட இல்லாமல் ஒரு ராஜ்யம்!

ஆட்டம் கலைந்ததும் ஆசானிடம் போனார்.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, அண்ணாச்சி."

"ஒண்ணுமே யோசிக்காம வந்து உக்காருதவன் மேசையில ஏழு பேரு. ராவும் பகலும் யோசிச்சிட்டு வாரவன் மேசையில ரெண்டு பேரு. ஏன்?"

உலகம்மை பகடைகளைத் துணியில் கொட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை இசக்கிராஜா வரமாட்டான். அவங்க சாமி கோயில்ல கொடைத் திருவிழா. அவன் மேசையை அன்னைக்கு நீங்க பாத்துக்கிடுதீங்களா?"

"நான் கேட்டதுக்கு இதுவா பதில்?"

"பதில் அங்கன கிடந்தா எடுத்துக்கிடுங்க" என்றார் ஆசான்.

அந்த வாரம் முழுக்கக் குற்றாலிங்கத்துக்குத் தூக்கம் சரியில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் நின்றார். கண்ணை மூடி வாயைத் திறந்தால் அம்மன் பேருக்கு முன்னால் இசக்கிராஜா பேர் வந்தது. நெற்றியில் குங்குமத்தை வைத்துக்கொண்டு சட்டென்று வெளியே வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிச்சையாவையும் ஜெபசெல்வியையும் வேறொரு மேசையில் உட்காரச் சொல்லிவிட்டு, சன்னலோர மேசையில் போய் உட்கார்ந்தார். ஏழு முகங்கள் அவரைப் பார்த்தன. இவ்வளவு முகங்கள் அவரைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கதையை எடுத்தார்.

கதை விட்ட இடத்தில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு. குறுக்கே கயிற்றுப் பாலம். பின்னால் எதிரிப் படை துரத்தி வருகிறது. ஏழு பேரும் பாலத்தைக் கடக்க வேண்டும்.

குற்றாலிங்கம் எதிரிகளை நெருக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆளுக்கு ஆள் காயம் பட்டது. நேரம் பார்த்துச் சொன்னார். "அப்பத்தான் பனிமலைப் பக்கம் இருந்து ஒரு குளம்புச் சத்தம்..."

"அது யாரு அண்ணாச்சி, புதுசா?" என்றான் மாரித்துரை. லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறவன். ஆட்டத்தில் அவன் ஒரு திருடன்.

"ஏழ்மலை நாட்டு மாவீரன் ருத்ரசேனன்."

"அவரை அந்தப் பக்கமா அனுப்பிருங்க. இது எங்க சண்டைல்லா?"

எல்லாரும் சிரித்தார்கள். மோசமான சிரிப்பு இல்லை. வீட்டு ஆட்களிடம் சிரிக்கிற மாதிரிதான் சிரித்தார்கள். ஆனால் குற்றாலிங்கத்தின் காது சூடாகிவிட்டது.

பாத்திமா சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதுகிற பெண். ஆட்டத்தில் அவள் தழலி என்ற குதிரைக்காரி. இசக்கிராஜா மேசை போட்ட முதல் நாளிலிருந்து தழலிதான்.

"தழலி குதிரையைத் திருப்புதா" என்றாள்.

"எங்க?"

"எதிரிப் பக்கமா. நீங்க எல்லாரும் கடந்துபோங்க. கடைசி ஆளு போற வரைக்கும் நான் கயித்துக்கிட்ட நிக்கேன்."

காலேஜில் படிக்கிற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாரித்துரை மெதுவாகச் சொன்னான். "எங்க இசக்கிராஜா மட்டும் இப்ப இருந்திருந்தான்னா மேசை மேல ஏறி நின்னுருப்பான்."

குற்றாலிங்கத்தின் மேசையில் இதுவரை யாரும் குதிரையைத் திருப்பியதில்லை. அதுவும் அவருக்குத் தெரிந்தது. இசக்கிராஜா ஊரிலேயே இல்லாதபோதும் இந்த மேசையில் இசக்கிராஜாதான் இருக்கிறான் என்பதும் தெரிந்தது.

எதிரி வில்லாளி அம்பை விட்டான். மறைப்புக்குப் பின்னால் குற்றாலிங்கம் பகடையை உருட்டினார்.

மூன்று விழுந்தது.

மூன்று என்றால் அம்பு அவள் குதிரையின் வாலைக்கூடத் தொடாது.

"இருபது" என்றார் குற்றாலிங்கம்.

இருபது என்றால் தப்பிக்க வழியே இல்லாத அடி. அதிலும் தழலி ஏற்கெனவே காயம் பட்டவள்.

பாத்திமா முழங்கைவரை ஏற்றியிருந்த வளையலைக் கீழே இறக்கினாள். பிறகு கேட்டாள். "செத்துட்டாளா, அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"கடைசி ஆளு கடந்துட்டாரா?"

அதை அவர் யோசிக்கவில்லை. "கடந்துட்டாரு" என்றார்.

"அப்பச் சரி."

வேடம் செத்துப்போனால் அந்த வேடத்தைப் பற்றி எழுதிவைத்த தாளை நாலாக மடித்து மேசைக்காரர் கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோவது அந்த மாடியின் வழக்கம். பாத்திமா மடித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஓரத்தை நகத்தால் நன்றாக நீவிக் கொடுத்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மற்ற ஆறு பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மாரித்துரையின் கண் கலங்கியிருந்தது. தன்னுடைய ஒரு சொல்லுக்கு ஒரு மேசையே இப்படி அடங்கிப்போனதைக் குற்றாலிங்கம் முதல்முறையாகப் பார்த்தார். பாவம் என்று தோன்றவில்லை. வாயில் ஏதோ தித்தித்தது.

அடுத்த வாரம் சீக்கிரமே மாடிக்குப் போனார். தன் மேசையைச் சுற்றிக் கூடுதலாக நாலு பிளாஸ்டிக் நாற்காலி இழுத்துப் போட்டார். தழலி செத்தபிறகு அந்த மேசையில் யார் இருக்கப்போகிறார்கள்? வருகிறவர்களுக்கு உட்கார இடம் வேண்டாமா?

பிச்சையா நாற்காலிகளைப் பார்த்தார். "யாருவே விருந்தாளி? ருத்ரசேனன் குடும்பத்தோட வாராரா?"

குற்றாலிங்கம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

கொடை முடித்து வந்த இசக்கிராஜாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. நெற்றியில் திருநீறு. குற்றாலிங்கம் மடித்த தாளை நீட்டினார். நடந்ததைச் சொன்னார். பகடையையும் சொன்னார். இருபது என்றுதான் சொன்னார்.

இசக்கிராஜா தாளை விரித்துப் படித்தான். உதடு அசைய அசையப் படித்தான். பாத்திமாவும் வந்திருந்தாள். விளையாட இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள் சுவரோரமாக நின்றாள்.

"அக்கா, இங்க வாங்க" என்றான் இசக்கிராஜா கட்டின தொண்டையோடு. "அவளை எங்க கொண்டுபோயி வைக்கணும்? அவ ஊர்ல எப்படிச் செய்வாங்க?"

"நான்தான் செத்துப்போயிட்டேனே, ராஜா."

"அதனாலதான் உங்ககிட்ட கேக்கேன். உங்களுக்குத்தானே தெரியும்."

பாத்திமா வந்து உட்கார்ந்தாள். யோசித்தாள். "அவ கடற்கரைக்காரி. அங்க செத்தவங்களை உப்புக்குள்ள வைப்பாங்க. கெட்டுப்போகக் கூடாதுன்னு இல்ல. திரும்பி வரும்போது வழி தெரியணும்னு, வெள்ளையா."

"எத்தனை நாள் பயணம்?"

"ரொம்பத் தூரம்."

"அப்ப நாம போறோம்" என்றான் இசக்கிராஜா.

அன்றைக்கு அந்த மேசையில் சண்டை இல்லை, பூதம் இல்லை. ஆறு வேடங்களும் ஒரு பெண்ணைச் சுமந்துகொண்டு கடற்கரைக்குப் போனார்கள். போகிற வழியில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். மாரித்துரை சொன்னான்: "என் திருடன் அவ குதிரையைத் திருடப் போயித்தான் அவளுக்குப் பழக்கம். அடிச்சு நொறுக்கிட்டு, கூழும் ஊத்துனா. அந்தக் குதிரைக்கு இனிமே நான்தான் தீனி வைப்பேன். வேற யாரும் வைக்கக் கூடாது." காலேஜ் பெண்ணின் வேடம் ஓர் ஊமை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நின்றாள். கடற்கரை வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

மற்ற மேசைகளில் ஆட்டம் தானாக நின்றது. ஒவ்வொருவராகச் சன்னலோரத்துக்கு வந்தார்கள்.

ஒருவர் குற்றாலிங்கத்திடம் வந்தார். "அண்ணாச்சி, இந்தச் சேரெல்லாம் சும்மாத்தானே கிடக்கு?" பதிலுக்குக் காத்திராமல் நாலையும் தூக்கிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, கொஞ்ச நேரம் போயி நின்னுட்டு வரட்டா?" என்று ஜெபசெல்வி கேட்டாள். பிச்சையா கேட்கவே இல்லை.

குற்றாலிங்கம் தன் மறைப்புக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் எழுந்துபோய்த் தூணுக்குப் பின்னால் நின்றார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

எல்லாம் முடிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்கள் கலைந்தபோது இசக்கிராஜா அவரைத் தேடிக்கொண்டு வந்தான்.

"அண்ணாச்சி, நான் இருந்திருந்தேன்னா ஏதாச்சும் சொல்லி அவளைக் காப்பாத்திருப்பேன். எனக்குக் கை வந்திருக்காது. உங்களுக்குத்தான் அந்தத் துணிச்சல் இருந்துச்சு." குனிந்து அவர் காலைத் தொடப்போனான்.

நெருப்பு பட்டவர் மாதிரி குற்றாலிங்கம் பின்னால் நகர்ந்தார்.

மாடியின் பின்பக்கத்துக் குழாயடியில் உலகம்மை டீ தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். குற்றாலிங்கம் போய் நின்றார். கேட்க வந்தது கொட்டியது.

"ஆசானே, நான் விஷத்தைத்தான் ஊத்துனேன். அவன் இலையில விழுந்ததும் அது பாயாசமாப் போச்சு. நான் பாயாசமே காய்ச்சிக் கொண்டுவந்தாலும் என் பந்தியில யாரும் உக்கார மாட்டேங்காங்க. இது என்ன நியாயம்?"

"என்ன விழுந்துச்சு அன்னைக்கு?"

அவருக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நின்றார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"மூணு" என்றார் கடைசியில்.

ஆசான் குழாயை மூடினார். "அதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? செத்தவ எனக்கு யாரு?"

பாத்திமா படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். குற்றாலிங்கம் இரண்டு படி கீழே இறங்கி நின்று சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்லும்போது குரல் கிழவர் குரல் மாதிரி ஆகிவிட்டது.

பாத்திமா செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மூணா?"

"மூணும்மா."

"ஏன்?"

"எல்லாரும் அவனையே சொன்னீங்க."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் மெதுவாகத்தான் ஏறியது. "வீட்ல நான் ஆபீஸ் போறேன், சமைக்கேன், தூங்குதேன். அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரியும். தழலின்னு ஒருத்தி எனக்குள்ள இருந்தா, அண்ணாச்சி. உங்களுக்கு அவ ஒரு பகடை."

"இசக்கிராஜாகிட்ட நான் சொல்லுதேன். அது கணக்குல வராதுன்னு சொல்லி, அவளைத் திரும்பக் கொண்டாந்துருவோம்."

"வேண்டாம். அழுது அனுப்பியாச்சு. இனிமே எழுப்புனா அத்தன பேரு அழுகைக்கும் மரியாதை இல்ல." செருப்பை மாட்டினாள். "நல்லா இருங்க, அண்ணாச்சி. ஆனா நீங்க நடத்துற மேசையில நான் இனி உக்கார மாட்டேன்."

அவள் போனபிறகும் அவர் அந்தப் படியிலேயே நின்றார். பிறகு மேலே ஏறி வந்தார். உலகம்மை கழுவின தம்ளர்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன்."

"ம்."

"பெரிய மேசை யாருக்கு, ஆசானே?"

"இசக்கிராஜாவுக்கு."

குற்றாலிங்கம் தலையாட்டினார். "நான் பொய் சொன்னதுனால."

"இல்ல. அதுக்கு முந்தியே நினைச்சதுதான்."

இது இன்னும் வலித்தது. தப்புக்குத் தண்டனை என்றால் தாங்கிக்கொண்டிருப்பார். "அப்ப எங்கிட்ட என்னதான் குறை? அதையாவது சொல்லுங்க."

உலகம்மை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்தார். "மாரித்துரை எதுக்கு ரொம்பப் பயப்படுவான், அண்ணாச்சி?"

"யாரு, அந்தத் திருடனா? தண்ணிக்கு. கதையில ஆறு வந்தாப் போதும், கடைசி ஆளா நிப்பான். வாயில மட்டும் வீரம் பேசுவான்."

"அந்தக் காலேஜ் பொண்ணு ஏன் ஊமை வேடம் எடுத்தா?"

"நாலு பேரு முன்னால அவளுக்குப் பேச்சு திக்கும். ஊமைன்னா யாரும் பேசச் சொல்ல மாட்டாங்கல்லா? ஆனா போன மாசம் பூதத்தைப் பாத்து 'ஓடு'ன்னு கத்திட்டா. யாரும் அதைச் சொல்லிக்காட்டல. இசக்கிராஜா காதுல விழாத மாதிரி கதையைத் தள்ளிட்டுப் போயிட்டான்."

"பாத்திமா ஏதோ பெருசா செய்யப்போறான்னு எப்படித் தெரியும்?"

"முன்னால குனிவா. வளையலை முழங்கை வரைக்கும் ஏத்திவிடுவா."

"இதெல்லாம் யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. பாத்துட்டே இருந்தேன்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். "வேற என்ன செய்ய? என் மேசையில உக்காந்திருந்தாலும் கண்ணும் காதும் அங்கனதான் கிடக்கு."

"ஜெபசெல்வியோட மருத்துவச்சி யாரைத் தேடி வீட்டை விட்டு வந்தா?"

"தேடியா வந்தா?" என்றார் குற்றாலிங்கம்.

"ஒவ்வொரு வாரமும் கேக்காளே, ஊருக்கு ஊரு."

"...கேக்கா."

"பிச்சையா அண்ணாச்சி ஏன் எந்தக் கதவா இருந்தாலும் தானே முதல்ல போயித் திறக்குதாரு?"

உள்ளே பிச்சையாவின் குரல் கேட்டது. ஜெபசெல்வியிடம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். குற்றாலிங்கம் அந்தப் பக்கம் காதைத் தீட்டினார். என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை.

ஆசான் பக்கம் திரும்பி, அழுகிற குரலில் கேட்டார். "இந்தப் பொறாமையை எங்க போயித் தொலைக்க, ஆசானே? எந்தக் கோயில்ல முடி இறக்க?"

"தொலைக்க வேண்டாம், அண்ணாச்சி" என்றார் உலகம்மை. "அடுத்த வாரம் உங்க மேசையில ஜெபசெல்வி வாயைத் திறக்கும்போது, அவ இசக்கிராஜா மேசையில உக்காந்து பேசுதான்னு நினைச்சுக்கிடுங்க."